வரைகலை அட்டை ஏன் சும்மா இருக்கிறது?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பெற்றோரிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, கணினியைப் பற்றியவையாக இருக்கும். 2003ஆம் ஆண்டில் அறிவியல், கணிதப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நடப்புக்கு வந்தபோது, நாடெங்கும் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் வந்து இறங்கின. எங்கள் பள்ளியில் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தத் திட்டம் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பொறுப்பு மட்டும் போகவில்லை. பந்திங் வட்டாரத்தில் யார் வீட்டுக் கணினி முடங்கினாலும் ‘சாரைக் கேட்டுப் பாருங்கள்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்.

அண்மைக் காலமாக ஒரே கேள்வி அடிக்கடி வருகிறது. “கிராபிக்ஸ் கார்டு முப்பது விழுக்காடுதான் வேலை செய்யுதாம் சார். கடைக்காரன் ஏமாத்திட்டானா?” கேட்பவர் பெரும்பாலும் தந்தையாக இருப்பார். மகன் அவருக்குப் பின்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான்.

விளையாட்டுக் கணினியைப் பற்றித் தமிழாசிரியன் எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். ஒரு தந்தை பல மாதம் மிகுதி நேர வேலை செய்து சேர்த்த பணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் விலையில் பெரும்பங்கு அந்த ஓர் அட்டைக்கே போகிறது. அது வேலை செய்யவில்லை என்றால் பணம் போனதாகத் தந்தை எண்ணுகிறார். மகன் ஏதோ கதை கட்டுகிறான் என்றும் எண்ணுகிறார். ஆகவே எழுதலாம் என்றே தோன்றுகிறது.

அட்டை என்ன செய்கிறது?

கிராபிக்ஸ் கார்டு என்று கடைகளில் சொல்வதைத் தமிழில் வரைகலை அட்டை என்கிறோம். பெயருக்கேற்ப அதன் வேலை வரைவது. நம் வீடுகளில் பொதுவாக உள்ள திரையில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. விளையாட்டு வழுக்காமல் ஓடவேண்டுமானால் நொடிக்கு 60 படமாவது மாறவேண்டும். அப்படியானால் ஒரு நொடியில் ஏறக்குறைய 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்டவேண்டும். இத்தனை சிறு வேலைகளையும் ஒரே நேரத்தில் பிரித்துச் செய்வதற்கென்றே ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்களைக் கொண்டு அந்த அட்டை ஆக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், எதை வரைவது என்று அதற்குத் தெரியாது. கார் எந்த வளைவில் திரும்பியது, எதிரே யார் வந்தார், எது எதன்மேல் மோதியது ஆகியவற்றையெல்லாம் மையச் செயலி கணக்கிட்டு, ‘இவற்றை வரை’ என்று ஒரு பட்டியலாக்கி அனுப்பவேண்டும். பட்டியல் வந்தால் அட்டை வரையும், வராவிட்டால் நிற்கும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் செம்பனை ஆலையைச் சொன்னால் எளிதாக விளங்கும். கேரித் தீவுப் பக்கம் போனவர்கள், குலைகளை ஏற்றிக்கொண்டு போகும் லாரிகளைப் பார்த்திருப்பார்கள். ஆலையின் எந்திரம் எவ்வளவு பெரியதாயினும் தோட்டத்திலிருந்து லாரி வந்தால்தான் அதற்கு வேலை. மழைக்காலத்தில் உட்சாலை சேறாகி லாரி சிக்கிக்கொண்டால் ஆலை சும்மா நிற்கும். அந்த நேரத்தில் ஒருவர் ஆலைக்குள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, ‘எந்திரம் சரியில்லை, இன்னும் பெரியது வாங்குங்கள்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? வரைகலை அட்டை தொடர்பாகப் பலர் பெறும் அறிவுரை இதுதான்.

விழுக்காடு எதைக் குறிக்கிறது?

விண்டோஸ் 10இல் 2017ஆம் ஆண்டு இறுதியில் வந்த புதுப்பிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே வரைகலை அட்டையின் பயன்பாடு தெரிகிறது. அதற்கு முன் தனி மென்பொருள் வேண்டும். எண் கண்ணுக்கு எளிதில் படத் தொடங்கியபின் அதைப் பற்றிய கவலையும் பெருகியது.

அங்கே 30 விழுக்காடு என்று காட்டினால், அட்டையின் ஆற்றலில் முப்பது பங்குதான் உயிரோடு இருக்கிறது என்று பொருளில்லை. பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏறக்குறைய முப்பது பங்கு நேரம் அது வேலையில் இருந்தது, எஞ்சிய எழுபது பங்கு நேரம் வேலைக்காகக் காத்திருந்தது என்றுதான் கொள்ளவேண்டும். இது நேரக்கணக்கு. இந்த ஒன்று விளங்கிவிட்டால் ‘கார்டு கெட்டுவிட்டதா?’ என்ற கேள்வி ‘கார்டு யாருக்காகக் காத்திருக்கிறது?’ என்று மாறிவிடும்.

சில வேளைகளில் குறைந்த எண் குறையே ஆகாது. மைன்கிராப்டின் ஜாவா பதிப்பு பெரும்பாலும் மையச் செயலியின் ஒற்றைக் கருவையே நம்பி ஓடுகிறது. வலோரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்றவற்றிலும் நல்ல அட்டை பாதி நேரம் ஓய்வாக இருக்கக்கூடும். படம் வழுக்காமல் ஓடினால் அதைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. எண்ணும் குறைவாக இருந்து, படமும் திக்கித் திக்கி ஓடினால் மட்டுமே தேடவேண்டும்.

ஒரு வீட்டில் நடந்தது

என் முன்னாள் மாணவன் ஒருவன் இப்போது படிவம் நான்கில் படிக்கிறான். அவனுக்கு அவன் தந்தை ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார். இன்டெல் கோர் ஐ5-12400 செயலி, ஆர்டிஎக்ஸ் 3060 அட்டை, நொடிக்கு 144 முறை மாறக்கூடிய திரை. மோசமான கணினி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், கார்ப் பந்தய விளையாட்டில் நொடிக்கு 41 படம்தான் வந்தது. அட்டையின் பயன்பாடு 34 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பிளெண்டர் மென்பொருளில் அவன் செய்துகொண்டிருந்த அசைவூட்டப் படமும் இழுத்தது. பல்லூடகம் படிக்கவேண்டும் என்பது அவன் எண்ணம். அதைச் சொல்லித்தான் கணினியே கேட்டிருந்தான்.

வாங்கிய கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, இன்னும் ஆயிரத்து நூறு ரிங்கிட் சேர்த்துக் கொடுத்தால் பெரிய அட்டை மாற்றித் தருவதாகச் சொன்னார்களாம்.

தந்தை என்னிடம் வந்து நின்றபோது சினத்தில் இருந்தார். “நாலாயிரம் வெள்ளி போட்டேன் சார். இப்ப இன்னும் பெருசா வேணுமாம். படிக்கிறதுக்குன்னு சொன்னான், எல்லாம் வெளையாட்டுக்குத்தான். வித்துடலாம்னு இருக்கேன்.”

பையன் ஒன்றே ஒன்று சொன்னான். “நான் பெரிய கார்டு கேக்கல சார். இருக்கிற கார்டு ஏன் ஓடலன்னுதான் கேட்டேன்.”

நல்ல கேள்வி அது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே மறுநாள் அவர்கள் வீட்டில் அமர்ந்தோம். நாங்கள் பார்த்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். காசு செலவாகாதவை முதலிலும், பெட்டியைத் திறக்கவேண்டியவை பின்னாலும் வருகின்றன.

1. திரையின் கம்பி எங்கே சொருகப்பட்டிருக்கிறது?

கணினிப் பெட்டியின் பின்புறம் திரைக்கம்பி சொருகும் துளைகள் இரண்டு இடங்களில் இருக்கும். மேலே நெடுக்காக இருப்பவை தாய்ப்பலகையினுடையவை. கீழே படுக்கைவாட்டில் இருப்பவை வரைகலை அட்டையினுடையவை. செயலிக்குள்ளேயே சிறு வரைகலைப் பகுதி உள்ள கணினியில் மேலே சொருகினாலும் படம் தெரியும். ஆனால், விலை கொடுத்து வாங்கிய அட்டை பெரும்பாலும் வேலையின்றிக் கிடக்கும். வீடு மாற்றியபோதோ, மேசையைத் துடைத்தபோதோ கம்பி இடம் மாறிப்போன கணினிகளை நான் கண்டிருக்கிறேன். இந்த வீட்டில் கம்பி சரியான இடத்தில்தான் இருந்தது.

2. யாராவது கடிவாளம் போட்டிருக்கிறார்களா?

விளையாட்டின் அமைப்பில் ‘வி-சிங்க்’ என்று ஒன்று உண்டு. அது, திரை மாறும் வேகத்துக்கு மேல் படம் வரையாதபடி அட்டையைக் கட்டிவைக்கும். நொடிக்கு 60 முறை மாறும் திரையில் 60 படம் கிடைத்து, அட்டை 40 விழுக்காடு காட்டினால் அது நலமான கணினி, மின்சாரமும் மிச்சம். நொடிக்கு 30 படம் என்று வரம்பு வைத்துவிட்டு மறந்துபோனவர்களும் உண்டு. இங்கே அத்தகைய வரம்பு ஏதுமில்லை.

3. விண்டோஸ் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது?

மின்சேமிப்பு முறையில் இருந்தால் கணினி மெதுவாகத்தான் நடக்கும். மடிக்கணினியாக இருந்தால் மின்கம்பி சொருகியிருக்கவேண்டும். மின்கலத்தில் ஓடும்போது பெரும்பாலான மடிக்கணினிகள் அட்டையைக் கட்டுப்படுத்திவிடும். இரண்டு வரைகலைப் பகுதிகள் உள்ள கணினியில், திரை அமைப்புகளுக்குள் ‘கிராபிக்ஸ்’ என்ற இடத்துக்குச் சென்று அந்த விளையாட்டுக்கு ‘ஹை பெர்பார்மன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இயக்கி மென்பொருளையும் புதிதாக நிறுவிப் பார்க்கலாம். எல்லாம் பார்த்தோம். எண் அசையவில்லை.

பிளெண்டர் போன்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அட்டை கணிப்பு வேலையில் முழுமூச்சாக இருக்கும்போதும் டாஸ்க் மேனேஜரின் ‘3டி’ கட்டம் வெறுமையாகத் தெரியலாம். அந்தக் கட்டத்தின் பெயரைச் சொடுக்கி ‘குடா’ அல்லது ‘கம்ப்யூட்’ என்பதற்கு மாற்றிப் பார்க்கவேண்டும். தவறான கட்டத்தைப் பார்த்துவிட்டு அட்டையைக் குறைசொல்லக் கூடாது.

4. அட்டையின் வேலையைக் கூட்டிப் பார்ப்பது

என் கணக்கில் இதுதான் தலையாய சோதனை. வரையவேண்டிய புள்ளிகளை வேண்டுமென்றே கூட்டுவது. விளையாட்டின் அமைப்பில் படத்தின் தெளிவை இரு பக்கமும் ஒன்றரை மடங்காக்கினோம். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். அதாவது அட்டைக்கு இரண்டேகால் மடங்கு வேலை.

அட்டை பலவீனமாக இருந்திருந்தால் படங்களின் எண்ணிக்கை பாதியாகச் சரிந்திருக்கவேண்டும். சரியவில்லை. அதே 41. அட்டையின் பயன்பாடு மட்டும் 34இலிருந்து எழுபதை ஒட்டி ஏறியது. இரண்டு மடங்குக்கு மேல் வேலை கொடுத்தும் முணுமுணுக்காமல் செய்தது!

தந்தையிடம் அந்த இடத்திலேயே சொன்னேன்: “கார்டு மேல குத்தமில்லைங்க. ஆயிரத்து நூறு வெள்ளியப் பத்திரமா வச்சிக்குங்க.”

கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நொடிக்கு 41 படம் என்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 24 மில்லிநொடி. அதில் 34 விழுக்காடு நேரம்தான் அட்டை உழைத்தது என்றால், அது எடுத்துக்கொண்டது 8 மில்லிநொடி. எட்டில் முடிக்கிறவன் இருபத்து நான்கு வரை காத்திருக்கிறான். அட்டையை இன்னும் பெரிதாக்கினால் எட்டு என்பது ஐந்தாகும். இருபத்து நான்கு இருபத்து நான்காகவே இருக்கும். ஆயிரத்து நூறு ரிங்கிட் செலவழித்தபின், படம் அதே 41. பயன்பாடு மட்டும் 34இலிருந்து இருபதுக்கு இறங்கியிருக்கும்!

5. சராசரியை நம்பாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பது

அப்படியானால் காக்கவைப்பது மையச் செயலியா? டாஸ்க் மேனேஜரில் அதன் பயன்பாடு 28 விழுக்காடு என்றுதான் காட்டியது. “ரெண்டும் சும்மாதான் இருக்கு சார். அப்ப யாருதான் வேலை செய்றாங்க?” என்றான் பையன்.

ஐ5-12400 செயலியில் 6 கருக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இழைகளைக் கவனிக்கும், ஆக 12. டாஸ்க் மேனேஜர் காட்டும் எண், பன்னிரண்டின் சராசரி. அவற்றில் ஒன்று மட்டும் மூச்சு முட்ட உழைத்து மற்ற பதினொன்றும் தூங்கினால் சராசரி 8 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். பல விளையாட்டுகளில் முதன்மையான கணக்கு ஓர் இழையில்தான் ஓடுகிறது. அதைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட முடியாது. வரைபடத்தின்மேல் வலப்பக்கம் சொடுக்கி, ஒவ்வோர் இழையையும் தனித்தனியாகக் காட்டச் செய்தோம். ஒன்று உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஆசிரியர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வகுப்பின் சராசரி 70 என்று அறிக்கையில் எழுதிவிடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் ஒருவன் அந்த எழுபதுக்குள் மறைந்து உட்கார்ந்திருப்பான்.

6. சூடும் வேகமும்

அந்த ஓர் இழை ஏன் திணறுகிறது? இந்தச் செயலி 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்துக்கும் மேலே ஓடக்கூடியது. ஆனால், விளையாட்டு தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் அதன் வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கியிருந்தது. வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ். இந்தச் செயலிக்கு அதுவே எல்லை. எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கணினி கெட்டுப்போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. வெளியே பார்ப்பவருக்கோ ‘கார்டு ஓடவில்லை’ என்று தெரிகிறது.

மின்சாரத்தை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினோம். காரணம் கண்ணெதிரே இருந்தது. செயலியின் மேல் அமரும் குளிர்விப்பானை நான்கு மூலைகளிலும் நான்கு பிளாஸ்டிக் முளைகள் தாய்ப்பலகையில் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். அவற்றில் ஒன்று துளைக்குள் இறங்கவே இல்லை. அந்த மூலை சற்றே தூக்கிக்கொண்டிருந்தது. மயிரிழை இடைவெளிதான், வெப்பம் கடத்தப்படாமல் போவதற்கு அது போதும்.

குளிர்விப்பானைக் கழற்றி, பழைய வெப்பப் பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய பசை வைத்து, எதிரெதிர் மூலைகளாக நான்கு முளைகளையும் ‘டக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தினோம். பசைக்கு ஆன செலவு இருபது ரிங்கிட்டுக்குள். அழுத்தியது பையன், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன்.

மீண்டும் ஓட்டியபோது வெப்பநிலை எழுபதுகளில் நின்றது. வேகம் 4 கிகாஹெர்ட்ஸை விட்டு இறங்கவில்லை. நொடிக்கு 110 படம். அட்டையின் பயன்பாடு 90 விழுக்காடு. அட்டையை யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

7. நினைவகம் ஒற்றையா, இரட்டையா?

ஆனாலும் அவ்வப்போது ஒரு சிறு திக்கல் இருந்தது. உள்ளே 8 கிகாபைட் நினைவகம் ஒன்றே ஒன்று சொருகப்பட்டிருந்தது. பக்கத்தில் இடம் காலி. இந்த வகைச் செயலிகள் நினைவகத்தோடு இரண்டு பாதைகளில் பேசக்கூடியவை. ‘டிடிஆர்4-3200’ என்று குறித்த நினைவகம் ஒரு பாதையில் நொடிக்கு 25.6 கிகாபைட் வரை கொண்டுசெல்லும். இரண்டாக இருந்தால் 51.2. ஒன்றை மட்டும் போட்டால் இருவழிச் சாலையில் ஒரு வழியை அடைத்தது போலாகும். அதே வகையில் இன்னொன்றை வாங்கிச் சேர்க்கவேண்டும். நான்கு துளைகள் உள்ள தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருகவேண்டும். பலகையோடு வரும் கையேட்டில் படமே இருக்கும். அடுத்த மாதம் தந்தை அதை வாங்கிப் போட்டார். திக்கல் நின்றது.

வாங்கும்முன் நினைக்கவேண்டியது

பந்திங் என்றதும் மற்ற ஊர்க்காரர்கள் சிடேக் சகோதரர்களைத்தான் சொல்வார்கள். ரசிப் சிடேக்கும் ஜலானி சிடேக்கும் 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் வெண்கலம் வென்றார்கள். மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் எவ்வளவு சிறந்தவராயினும் மற்றவரின் ஓட்டத்துக்கு மேல் இணை ஓடாது. கணினியும் அத்தகைய இணை ஆட்டம். பழைய செயலியோடு புதிய பெரிய அட்டையைச் சேர்த்தால் அட்டை காத்திருக்கும். சிறிய அட்டையோடு பெரிய செயலியைச் சேர்த்தால் செயலி காத்திருக்கும். கையில் உள்ள பணத்தை ஒரே பொருளில் கொட்டாமல் செயலி, அட்டை, நினைவகம், குளிர்விப்பு நான்குக்கும் பொருத்தமாகப் பங்கிடுவதே நல்லது.

நம் நாட்டு வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். பிற்பகலில் குளிரூட்டி இல்லாத அறையில் 32, 33 டிகிரி இருப்பது நமக்கு இயல்பு. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் காணொளியில் காட்டும் வெப்பநிலை நம் வீட்டில் கிடைக்காது. கணினியைச் சுவரோடு ஒட்டியோ, மேசைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள்ளோ வைக்கக் கூடாது. தூசியை ஆண்டுக்கு இரு முறையாவது தூரிகையால் நீக்கவேண்டும். பிள்ளைகள் பெட்டியைத் திறக்கலாம், பெரியவர் பக்கத்தில் இருந்தால். ஆனால் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. கம்பியைப் பிடுங்கியபின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

காத்திருக்கும் அட்டை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் சிக்கல் மட்டுமன்று. ஜொகூர் கூலாயில் செயற்கை நுண்ணறிவுக்கான கட்டமைப்பை என்விடியாவுடன் சேர்ந்து அமைக்கப்போவதாக ஒய்டிஎல் குழுமம் 2023 டிசம்பரில் அறிவித்தது. அத்தகைய தரவு மையங்களில் அடுக்கப்படும் அட்டைகளின் விலை நம் கற்பனைக்கு எட்டாதது. அங்கேயும் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி, தரவு வந்து சேராமல் அட்டைகள் சும்மா நிற்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான். வேலையில் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு விரைவாக்கினாலும் எஞ்சிய பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுத்துவிடும் என்பதை 1967ஆம் ஆண்டிலேயே ஜீன் அம்டால் என்ற கணினி அறிஞர் எடுத்துக்காட்டினார். கருவிகள் மாறிவிட்டன, அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை.

ஆசிரியர்களோடு ஒரு சொல்

அந்தப் பையனைப் பற்றி வீட்டில் சொல்லப்பட்ட சொற்களும், அந்த அட்டையைப் பற்றிக் கடையில் சொல்லப்பட்ட சொற்களும் ஏறக்குறைய ஒன்றே. திறமை போதாது; மாற்றவேண்டும். ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்கிறோம். ‘வேலையே செய்யமாட்டான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு ஆசிரியரும் அதையே சொல்வார்.

வேலை செய்யாமல் இருக்கும் மாணவன் எதற்காகக் காத்திருக்கிறான்? பலகையில் உள்ள எழுத்து தெரியாமல் பக்கத்து மாணவன் எழுதி முடிப்பதற்குக் காத்திருக்கலாம். கேள்வியில் ஒரு சொல் புரியாமல், யாராவது அதைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்து ஓய்வுநேர மணிக்காகக் காத்திருக்கலாம். இவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் அறியமுடியும். முதல் வரிசைக்கு மாற்றுங்கள். எழுத்துக் கேள்வியை வாய்மொழியாகக் கேளுங்கள். சிற்றுண்டிக்குப் பிறகு கேளுங்கள். எண் எங்கே அசைகிறதோ அங்கே காரணம் இருக்கிறது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும், கணினியிலும் அப்படித்தான்.

வேலையைக் கூட்டிப் பார்க்கும் நான்காவது சோதனையும் வகுப்பறைக்குப் பொருந்தும். சும்மா இருப்பவனுக்கு எளிய வேலை கொடுப்பதே நம் வழக்கம். சற்றுக் கடினமான ஒன்றை அவன் கையில் நேராகக் கொடுத்துப் பாருங்கள். செய்து முடித்துவிட்டால் திறமை இருக்கிறது, வழியில் ஏதோ தடை இருக்கிறது என்று பொருள். தேடவேண்டிய இடம் அப்போது தெரிந்துவிடும்.

அந்தத் தந்தை கணினியை விற்கவில்லை. மகனிடம் அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. நம் வீடுகளில் அது வழக்கமும் இல்லை. ஆனால் நினைவகம் வாங்கப் போனபோது, “நீயே பாத்து வாங்கு, நீயே மாட்டு” என்று பணத்தை மகன் கையில் கொடுத்திருக்கிறார்.

பெற்றோர்களுக்கு இறுதியாக ஒன்று. பிள்ளை ‘கார்டு ஓடவில்லை’ என்று சொன்னால் உடனே கடைக்கும் ஓடாதீர்கள், பிள்ளைமேலும் பாயாதீர்கள். கம்பி, வரம்பு, விண்டோஸ் அமைப்பு, தெளிவைக் கூட்டும் சோதனை, செயலியின் ஒவ்வோர் இழை, வெப்பநிலை, நினைவகம் என்று ஏழு இடங்களையும் இந்த வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வோர் எண்ணையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் ஐந்துக்கும் ஒரு காசு செலவில்லை. அவ்வளவும் பார்த்தபின் அட்டை தொண்ணூறைத் தாண்டி உழைத்தும் படம் போதவில்லை என்றால், அப்போது புதிய அட்டையைப் பற்றிப் பேசலாம். அந்தத் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எண்களோடு வரும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் பேசும் முறையே வேறாக இருக்கும்.